கப்பல் சுற்றுலாவில் சிகரெட் புகையில் மாட்டாமல் இருக்க: முதல்முறை போகிறவர்களுக்குப் படிப்படியாக

பினாங்கின் சுவெட்டென்ஹாம் துறையில் பெரிய கப்பல் வந்து நின்றால் ஜார்ஜ்டவுனில் இருக்கிற எங்களுக்கு உடனே தெரிந்துவிடும். மணிக்கூண்டுப் பக்கம் டிரைஷாக்கள் வரிசை கட்டும், வெள்ளைக்காரர்கள் தொப்பியும் வரைபடமுமாகத் தெருவில் நிற்பார்கள். வருடக்கணக்காக அந்தக் கப்பல்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மா ஒருநாள், "நாமளும் ஒரு தடவை ஏறிப் பார்க்கலாமேடா" என்றார். ஏறினோம். மூன்று இரவுப் பயணம். அதில் இரண்டு இரவு அம்மா தூங்கவில்லை. கடல் அமைதியாகத்தான் இருந்தது. எங்கள் அறைக்கு நேர் கீழே கேசினோ. அம்மாவுக்கு ஆஸ்துமா.

தப்பு பாதி என்னுடையது. மாமாக் கடை, அதாவது நம் ஊர் இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடைப் பழக்கத்தில் இருந்துவிட்டேன். நம் மலேசியாவில் 2019 ஜனவரி 1 முதல் சாப்பாட்டுக் கடைக்குள் புகைக்க முடியாது, 3 மீட்டர் தள்ளிப் போக வேண்டும். 2024 அக்டோபர் 1 முதல் புகைபொருள்களைக் கட்டுப்படுத்தும் 852-ஆம் சட்டமும் வந்துவிட்டது. அதனால் கூரைக்கடியில் யாரும் சிகரெட் பற்றவைக்க மாட்டார்கள் என்று மனது தானாகவே நினைத்துக்கொண்டது. ஆனால் கப்பல் நடுக்கடலுக்குப் போய்விட்டால் மாமாக் கடைச் சட்டம் நம்மோடு வராது. பெரும்பாலான சுற்றுலாக் கப்பல்கள் பஹாமாஸ், பனாமா, பெர்முடா மாதிரி நாடுகளில் பதிவானவை. அங்கே நடைமுறையில் இருப்பது கம்பெனியின் விதி. அதைப் படித்துவிட்டு ஏற வேண்டும். நான் படிக்கவில்லை. நீங்கள் படியுங்கள்.

படி 1: விதியில் மூன்று இடங்களை மட்டும் தேடுங்கள்

கப்பல் கம்பெனியின் இணையப் பக்கத்தில் புகைபிடித்தல் பற்றிய கொள்கை தனியாக இருக்கும். நீளமாக இருந்தாலும் பயப்பட வேண்டாம். அறை, பால்கனி, கேசினோ, இந்த மூன்றுக்கும் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தால் போதும்.

அறைக்குள் தடை என்பது இன்றைக்குப் பெரிய கம்பெனிகளில் சர்வ சாதாரணம். மீறினால் சுத்தம் செய்யும் கட்டணம் என்று உங்கள் கணக்கில் ஏற்றிவிடுவார்கள். ராயல் கரீபியனில் 250 அமெரிக்க டாலர், கார்னிவலில் 500. 250 டாலர் என்றாலே நம் காசுக்கு ஏறக்குறைய 1,000 வெள்ளி (ரிங்கிட்). வேப் என்கிற மின்சிகரெட்டுக்கும் இதே விதிதான். "இது புகை இல்லை, ஆவி" என்ற வாதம் அங்கே எடுபடாது.

பால்கனி விதியைக் கவனமாகப் படியுங்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பால்கனிக்கு ஏன் இவ்வளவு கெடுபிடி என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய சம்பவம். 2006 மார்ச் 23 அதிகாலை, ஜமைக்கா பக்கம் போய்க்கொண்டிருந்த ஸ்டார் பிரின்சஸ் கப்பலில் ஒரு பால்கனியில் தீப்பிடித்தது. யாரோ வீசிய சிகரெட் துண்டுதான் காரணமாக இருக்கக்கூடும் என்று விசாரணையில் சொன்னார்கள். பால்கனித் தடுப்புகளும் நாற்காலிகளும் பிளாஸ்டிக் வகை, தீ அறை அறையாகத் தாவியது. பயணி ஒருவர் இறந்தார். அதற்குப் பிறகு பால்கனிகளுக்கான சர்வதேசத் தீ விதிகளே இறுகின. சிகரெட் துண்டைக் கடலில் எறிந்தால் கடலுக்குத்தான் போகும் என்று நினைக்கிறோம். ஓடுகிற கப்பலில் காற்று அதைத் திருப்பிக் கொண்டுவந்து கீழ் மாடியில் யாருடைய துவாலை மேலாவது போடும்.

மூன்றாவது, கேசினோ. எனக்கு வினை வந்த இடம். பல கப்பல்களில் உள்ளே புகைக்க அனுமதி உள்ள ஒரே இடம் இதுதான். புகையே இல்லாத கேசினோ வைத்திருக்கும் கம்பெனிகளும் உண்டு, செலிபிரிட்டி அப்படி. வீட்டில் மூச்சுப் பிரச்சினை உள்ளவர் இருந்தால் கப்பலைத் தேர்ந்தெடுக்க முதல் கேள்வியே இதுவாக இருக்கட்டும். நீச்சல் குளம், சறுக்கு, பஃபே எல்லாம் அப்புறம்.

படி 2: மாடி வரைபடத்தைத் திறந்து வையுங்கள்

இந்த ஒரு படியைச் செய்தால் மற்றதில் பாதி தேவைப்படாது. ஒரு தே தாரேக் போட்டுக்கொண்டு உட்காருங்கள், அரை மணி நேரம் பிடிக்கும்.

ஒவ்வொரு கப்பலுக்கும் மாடிவாரியான வரைபடம் இணையத்தில் கிடைக்கும். முதலில் கேசினோ எந்த மாடியில், முன்பக்கமா நடுவிலா பின்பக்கமா என்று குறித்துக்கொள்ளுங்கள். சுருட்டு அறை இருந்தால் அதையும். பிறகு திறந்தவெளியில் புகைக்க ஒதுக்கிய இடங்கள். இவை பெரும்பாலும் கப்பலின் ஒரே பக்கத்தில் இருக்கும். 'ஸ்டார்போர்டு' என்று போட்டிருந்தால், கப்பலின் மூக்கைப் பார்த்து நிற்கும்போது உங்கள் வலது கைப்பக்கம். 'போர்ட்' என்றால் இடது.

இப்போது நீங்கள் பார்த்து வைத்திருக்கும் அறையின் எண்ணைத் தேடுங்கள். அதன் மேல் மாடியில் என்ன, கீழ் மாடியில் என்ன, பக்கத்தில் என்ன? கேசினோவுக்கு ஒரு மாடி மேலே என்றால் வேண்டாம். கேசினோவிலிருந்து மாடிப்படியோ நடுக்கூடமோ திறந்தபடி மேலே வந்தால், அந்தப் படிக்கட்டை ஒட்டிய அறைகளும் வேண்டாம். புகைக்குப் படிக்கட்டு ஒரு புகைபோக்கி மாதிரி. ஸ்டார்போர்டு பக்கம் புகைக்கிற இடம் என்றால் போர்ட் பக்கத்தில் அறை கேளுங்கள். பால்கனி அறைக்கு நேர் மேலே திறந்தவெளிப் புகைக்கும் இடம் இருந்தாலும் தவிர்ப்பது நல்லது.

இரண்டு பொறிகள் இருக்கின்றன. பக்கத்து அறைக்குப் போகும் இணைப்புக் கதவு உள்ள அறைகளை வரைபடத்தில் சின்னக் குறியால் காட்டியிருப்பார்கள். அந்தக் கதவின் இடுக்கு வழியாகப் பேச்சும் வரும், புகையும் வரும். இன்னொன்று, 'கேரண்டி' அறை என்று மலிவாக விற்பது. அதில் அறையைக் கம்பெனிதான் முடிவு செய்யும், நமக்குத் தேர்வு கிடையாது. நான் வாங்கியது அதுதான். 200 வெள்ளி மிச்சம் பிடித்தேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

படி 3: எழுத்தில் கேளுங்கள்

மாத்தா ஃபேர் என்கிற சுற்றுலாக் கண்காட்சிக் கூட்டத்தில் நின்று பதிவு செய்தாலும் சரி, தெரிந்த ஏஜென்டிடம் செய்தாலும் சரி, வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம். என்னிடம் "நோ ஸ்மோக்கிங் கப்பல்தான் பாஸ்" என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை, அவர் அறையைப் பற்றிப் பேசினார். வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ இப்படிக் கேளுங்கள்: கேசினோவில் புகைக்கலாமா? சாப்பாட்டுக் கூடத்துக்கும் அரங்கத்துக்கும் போக கேசினோவைக் கடந்தே ஆக வேண்டுமா? பால்கனியில் அனுமதி உண்டா? ஆஸ்துமா உள்ளவர் வருகிறார், தள்ளி அறை தர முடியுமா? பதில் வந்ததும் படம் பிடித்துக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: பை கட்டும்போது

மருந்தும் ஆஸ்துமா பம்பும் (இன்ஹேலர்) கைப்பையில். பெரிய பெட்டியை ஏறும்போது வாங்கிக்கொண்டு, அறைக்குக் கொண்டுவரச் சில சமயம் மாலையாகிவிடும். உபரி பம்ப் ஒன்று இருக்கட்டும்.

நம் வீட்டு ஆட்களுக்கென்று ஒரு எச்சரிக்கை. புகை வாசத்தைப் போக்க ஊதுபத்தி, சாம்பிராணி, சூடம் என்று எதையும் எடுத்துப் போகாதீர்கள். கப்பலில் திறந்த தீ கூடாது, அறைக் கூரையில் புகை உணரும் கருவி இருக்கிறது. அம்மா சூடம் இல்லாமல் வெள்ளிக்கிழமையா என்று முறைத்தார். பேட்டரியில் எரியும் சின்ன விளக்கு ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். முருகன் கோபித்ததாகத் தெரியவில்லை.

படி 5: ஏறிய முதல் மணி நேரத்தில் ஒரு நடை

எல்லோரும் பஃபேக்கு ஓடுவார்கள். சாப்பாடு எங்கேயும் போகாது, நீங்கள் ஒரு சுற்று சுற்றி வாருங்கள். துறைமுகத்தில் நிற்கும்போது கேசினோ மூடியிருக்கும். அதனால் மூக்கை நம்ப முடியாது, கண்ணை நம்புங்கள். சாம்பல் தட்டு எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் இரவு புகை இருக்கும். அரங்கத்துக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் அதைத் தொடாமல் போக எந்த மின்தூக்கி, எந்த மாடி வழி என்று கண்டுபிடித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஒரு மாடி ஏறி, நடந்து, மறுபடி இறங்கினால் வேலை முடிந்துவிடும்.

மேல்தளத்தில் உட்கார இடம் பிடிக்கும்போது, புகைக்கிற இடத்துக்கு முன்னால், அதாவது கப்பலின் மூக்குப் பக்கமாகப் பிடியுங்கள். கப்பல் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் ஓடும்போது காற்று அநேகமாக முன்னிருந்து பின்னுக்குத்தான் அடிக்கும், புகையும் அப்படியே போகும். பின்னால் உட்கார்ந்தால் எல்லாம் உங்களுக்கே. துறையில் நிற்கும்போது இந்தக் கணக்கு செல்லாது.

படி 6: அறைக்குள் வாசம் வந்துவிட்டால்

முதலில் சண்டைக்குப் போகாதீர்கள். பக்கத்து அறைக் கதவைத் தட்டி நியாயம் கேட்பது நம் ரத்தத்தில் இருக்கிறது. ஆனால் அடுத்த மூன்று நாளும் அதே நடைபாதையில் அவர் முகத்தில்தான் முழிக்க வேண்டும். யார் புகைத்தார் என்று கண்டுபிடிப்பது கப்பல்காரர்கள் வேலை.

வாசம் வந்த நேரத்தையும் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதையும் குறித்துக்கொண்டு, அப்போதே வரவேற்பு மேசைக்குப் போங்கள் அல்லது அறைத் தொலைபேசியில் கூப்பிடுங்கள். காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டால் வாசம் போயிருக்கும், உங்கள் பேச்சு மட்டும்தான் மிஞ்சும். வாசம் இருக்கும்போதே ஆள் வந்து முகர்ந்து பார்க்க வேண்டும். ஆங்கிலம் தடுமாறினால் கவலை வேண்டாம். ஊழியர்களில் இந்தோனேசியர்கள் இருந்தால், மலாயில் "பிலிக் சாயா பாவ் ரொக்கோக்" (என் அறையில் சிகரெட் நாற்றம்) என்றாலே புரிந்துகொள்வார்கள். எனக்கு உதவியது அந்த ஒரு வரிதான்.

"ஏர்கான் இருக்கிறது, சரியாகிவிடும்" என்று பதில் வரலாம். எனக்கும் வந்தது. அதை அப்படியே ஏற்க வேண்டாம். காற்றோட்டமும் வடிகட்டியும் பிறர் விடும் புகையின் கேட்டை முழுதாக நீக்காது என்று அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை 2006-லேயே சொல்லிவிட்டது. இந்தப் புகைக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலையும். மேசையில் இதையெல்லாம் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆஸ்துமா நோயாளி இருக்கிறார் என்பதைச் சொல்லி, மூன்றைக் கேளுங்கள்: பாதுகாப்பு ஊழியர் வந்து பார்க்கட்டும், புகார் பதிவாகட்டும், வேறு அறை இருந்தால் மாற்றித் தரட்டும். கப்பல் நிறைந்திருந்தால் மூன்றாவது கிடைக்காது. எங்களுக்கு மூன்றாம் நாள்தான் கிடைத்தது. ஆனால் பதிவான புகார் இருந்தால் மறுநாள் யாராவது இறங்கினாலோ அறை காலியானாலோ உங்கள் பெயர் முன்னால் நிற்கும்.

அதுவரை செய்யக்கூடியது: கதவின் அடியிடுக்கில் ஈரத் துண்டைச் சுருட்டி வையுங்கள். பால்கனிக் கதவும் நடைபாதைக் கதவும் ஒரே நேரத்தில் திறந்திருக்க விடாதீர்கள், அந்த இழுப்பில் நடைபாதைப் புகை முழுதும் உள்ளே வந்துவிடும். கைப்பேசி வயரில் செருகும் குட்டிக் காற்றுச் சுத்திகரிப்பான் எனக்கு ஒன்றும் செய்யவில்லை, விளக்கு மட்டும் அழகாக எரிந்தது. மூச்சு உண்மையிலேயே இழுத்தால் இதையெல்லாம் விட்டுவிட்டுக் கப்பல் மருத்துவரிடம் போங்கள்.

படி 7: புகைக்கிறவர் நம் வீட்டிலேயே இருந்தால்

இதை யாரும் எழுதுவதில்லை. எங்கள் கூட்டத்தில் மச்சான் இருந்தார். "மச்சான், அம்மாவுக்காக" என்று சொன்னால் கேட்பார், ஆனால் இரவு ஒரு மணிக்குப் பால்கனிக் கதவு மெல்லத் திறக்கும். ஏறுவதற்கு முன்பே அபராதத் தொகையைக் காட்டிவிடுங்கள், காசு பேசும். ஒதுக்கிய இடத்தை அவருக்கே தேடிக் கொடுங்கள். புகைத்துவிட்டு வந்தால் சட்டை மாற்றிவிட்டு அம்மா பக்கத்தில் உட்காரட்டும், துணியில் ஒட்டிய வாசமே அவருக்கு இருமல் வர வைக்கும்.

கப்பல் சிங்கப்பூரில் ஏற்றினாலோ இறக்கினாலோ இன்னும் கவனம். அங்கே வேப் பையில் இருந்தாலே குற்றம், புகைக்க வேண்டியதில்லை. சிகரெட்டுக்கும் வரியில்லாச் சலுகை கிடையாது, திறந்த பெட்டியானாலும் சொல்லி வரி கட்ட வேண்டும். புக்கெட்டில் இறங்கும் பயணம் என்றால் தாய்லாந்திலும் வேப் தடை. வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

படி 8: இறங்குவதற்கு முந்தைய இரவு

அறைத் தொலைக்காட்சியிலோ செயலியிலோ உங்கள் கணக்கைப் பாருங்கள். முன்பு அந்த அறையில் இருந்தவர் விட்டுப்போன வாசத்துக்கு உங்கள் தலையில் சுத்தக் கட்டணம் விழுந்திருக்கலாம். முதல் நாளே அறையில் வாசம் இருந்து நீங்கள் புகார் பதிந்திருந்தால், அது இப்போது உதவும். தவறிருந்தால் அன்று இரவே மேசைக்குப் போங்கள். இறங்கும் காலையில் அங்கே வரிசை படிக்கட்டு வரை நிற்கும், துறையில் இறங்கிய பிறகு எல்லாம் மின்னஞ்சலில் இழுபடும்.

அம்மா அடுத்த கப்பலுக்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கிறார். இந்தமுறை மாடி வரைபடத்தை அவரே கைப்பேசியில் விரித்து வைத்துக்கொண்டு, "இந்த அறைக்குக் கீழே என்னடா இருக்கு?" என்று கேட்கிறார்.