சிறப்புக் கல்வி பி.எட்.: ரெக்கார்டு பளபளக்கும், குழந்தை காணாமல் போகும் இடங்கள்

சிறப்புக் கல்வி பி.எட். படிப்பவர்கள் தியரியை எப்படியாவது ஒப்பேற்றிவிடுகிறார்கள். சறுக்குவது செய்முறையில்தான்: கேஸ் ஸ்டடி, ஐ.இ.பி. எனப்படும் தனிநபர் கல்வித் திட்டம், பாடக்குறிப்பு, இன்டர்ன்ஷிப். சறுக்கியதும் உடனே தெரியாது. அட்டை போட்டு, ஸ்கெட்ச் பேனாவில் பார்டர் வரைந்த ரெக்கார்டுக்கு மார்க் விழுந்துவிடும். முதல் வேலையில் எதிரே ஒரு பிள்ளை வந்து உட்கார்ந்ததும் கை ஓடாது. அங்கே கொண்டுபோய் விடும் தவறுகளைத்தான் இங்கே சொல்கிறேன். பெரும்பாலும் அறிவுசார் குறைபாட்டுப் பிரிவை மனதில் வைத்து எழுதுகிறேன். மற்றப் பிரிவுகளும் நடுவில் வரும்.

மதிப்பீட்டிலேயே தொடங்கும் வினை

தமிழ்நாட்டில் இந்தப் பிரிவு மாணவர்களுக்கு நன்கு பழக்கமான மதிப்பீட்டுப் படிவம் எம்.டி.பி.எஸ். (மெட்ராஸ் டெவலப்மென்டல் புரோகிராமிங் சிஸ்டம்). சென்னையில் உருவானது. 18 திறன் பகுதிகள், பகுதிக்கு 20 உருப்படிகள், ஆக 360. ஒவ்வொரு பகுதியும் எளியதில் தொடங்கிக் கடினமானதை நோக்கிப் போகும். இதை ஒரே மத்தியானத்தில், அம்மாவை எதிரே உட்காரவைத்து "சாப்பிடுவானா? சட்டை போட்டுக்குவானா?" என்று கேட்டே நிரப்பிவிடுகிறார்கள். அம்மா பொய் சொல்வதில்லை. "போட்டுக்குவான்" என்பார். சட்டையை விரித்துப் பிடித்து, ஒரு கையை அவரே நுழைத்துவிட்டு, மறு கையை மட்டும் அவன் நுழைப்பதைத்தான் அப்படிச் சொல்கிறார். ஒரு சட்டையைப் பையன் கையில் கொடுத்து, நாம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தால்தான் அது தெரியும்.

அடுத்தது, இலக்கைத் தேர்ந்தெடுப்பது. 'செய்ய மாட்டான்' என்று குறித்தவற்றில் எதையாவது, பெரும்பாலும் பாடம் நடத்த வசதியானதை, எடுத்துக்கொள்கிறார்கள். ஐந்து வரை எண்ணத் தெரியாத பிள்ளைக்குப் பணம் எண்ணும் இலக்கு இப்படித்தான் வருகிறது. உருப்படிகள் வரிசையாக இருப்பதற்குக் காரணம் உண்டு. கடைசியாக அவன் செய்து காட்டியதற்கு அடுத்து நிற்பதுதான் பொதுவாக இலக்காக வேண்டும்.

வி.எஸ்.எம்.எஸ். எனப்படும் வைன்லேண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோலைப் போட்டுவிட்டு 'ஐ.க்யூ. 48' என்று எழுதுவதும் அடிக்கடி நடக்கிறது. அதில் கிடைப்பது சமூக வயதும் சமூக ஈவும். நுண்ணறிவு ஈவு இல்லை. டி.எஸ்.டி. எனப்படும் வளர்ச்சிக் கண்டறி சோதனை தருவதும் வளர்ச்சி நிலையைத்தான். ஐ.க்யூ. சொல்வது மருத்துவ உளவியலாளரின் வேலை, சான்றிதழ் தருவது மருத்துவக் குழுவின் வேலை. பயிற்சி மாணவர் 'இவனுக்கு ஆட்டிசம்' என்று பெற்றோரிடம் வாய்விட்டுச் சொல்வதற்கு மன்னிப்பே கிடையாது.

ஐ.இ.பி.யில் எழுதும் பொய்கள்

பொய் என்பது கடுமையான சொல்தான். ஆனால் 'மாணவன் சுத்தத்தைப் பற்றித் தெரிந்துகொள்வான்' என்பதை வேறு என்னவென்று சொல்வது? தெரிந்துகொண்டானா இல்லையா என்று எந்த நாளிலும், யாராலும் சொல்ல முடியாது. குறுகிய கால இலக்கில் மூன்று இருக்க வேண்டும்: எந்தச் சூழலில், என்ன செய்வான், எத்தனை முறைக்கு எத்தனை முறை. 'சாப்பாட்டு மணி அடித்ததும், "கை கழுவு" என்று ஒரு முறை சொன்னால், ஐந்து நாளில் நான்கு நாள் தானாகக் கை கழுவுவான்' என்று எழுதினால் அதைச் சரிபார்க்கலாம், தோற்றால் மாற்றலாம்.

இந்தக் கை கழுவலையே எடுத்துக்கொள்வோம். ரெக்கார்டுகளில் அதன் படிநிலைப் பிரிப்பு பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கும்: குழாயைத் திற, கையை நனை, சோப்பை எடு, தேய், அலசு, குழாயை மூடு, துடை. சீனியர் எழுதியது, அவருக்கு அவருடைய சீனியர் எழுதியது. அந்தப் பையன் வீட்டில் குழாயே இல்லை. வாசலில் டிரம், அதன்மேல் ஒரு மக்கு. இடது கையால் மொண்டு வலது கையில் ஊற்றி, மக்கை வைத்துவிட்டு சோப்பை எடுத்து, நுரைத்த கையோடு மறுபடி மக்கைப் பிடிக்க வேண்டும். இது முற்றிலும் வேறு வேலை, அதிகக் கடினமான வேலை. பள்ளியில் 'இலக்கு எட்டப்பட்டது' என்று கையெழுத்தாகும். வீட்டில் அம்மாவே கழுவிவிட்டுக்கொண்டிருப்பார். படிகளை எழுதும் முன் அந்த இடத்தில் நின்று நீங்களே ஒருமுறை அந்த வேலையைச் செய்து பாருங்கள். ஒரு வீடு போய்வர அரை நாள் ஆகும். இன்டர்ன்ஷிப்பில் அதைவிட உருப்படியாகக் கழியும் அரை நாள் எனக்குத் தெரியவில்லை.

உதவியைப் பதியாமல் விடுவது இன்னொரு ஓட்டை. கைமேல் கை வைத்துச் செய்ததும், விரலால் காட்டியதும், சொல்லால் நினைவூட்டியதும், தானாகச் செய்ததும் தாளில் ஒரே டிக்காக விழுகின்றன. எந்த உதவியோடு செய்தான் என்று ஒரு எழுத்தாவது பக்கத்தில் குறியுங்கள். இல்லையென்றால் உதவியை எப்போது குறைப்பது என்பதே தெரியாமல் போகும். ஆசிரியர் முகத்தைப் பார்த்தால்தான் அடுத்த படிக்குப் போவது என்ற பழக்கம் பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளும்.

'பிடிவாதம்' ஒரு பதிவு ஆகாது

நடத்தைப் பதிவில் 'அடம் பிடிக்கிறான், முரட்டுத்தனம் அதிகம்' என்று எழுதி முடிப்பவர்கள் அதிகம். அது நம் எரிச்சலின் பதிவு. முன்னால் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், பின்னால் என்ன கிடைத்தது என்ற மூன்று பத்திகளை நிரப்பினால் கதையே மாறும். கணக்குத் தாளை மேசையில் வைத்தார்கள், தாளைக் கிழித்தான், வெளியே அனுப்பினார்கள். மறுநாளும் அதே. நாம் தண்டனை என்று நினைத்தது அவனுக்கு விடுதலை. தாளில் இருந்த கணக்கு அவன் நிலைக்கு மேலே என்பதுதான் கோளாறு. அங்கே 'நடத்தை மாற்றத் திட்டம்' போட்டு ஸ்டார் ஒட்டுவதில் பயனில்லை. இதே கிழித்தல் வேறொரு பிள்ளைக்குக் கவனத்தை ஈர்க்கும் வழியாக இருக்கலாம். அவனுக்குச் செய்ய வேண்டியது வேறு. ஒரு சம்பவத்தை வைத்து முடிவு கட்டாமல் சில நாள் குறித்துவிட்டுப் பேசுங்கள்.

கற்பித்தல் உபகரணங்களைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. தெர்மாகோலும் ஜிகினாவும் பார்வையாளருக்காக. குறைபார்வை உள்ள பிள்ளைக்கு ஜிகினாவின் பளபளப்பு கண்ணைக் கூசவைக்கும். பளபளக்காத மஞ்சள் தாளில் கறுப்பில் பெரிதாக எழுதியது போதும். பணம் சொல்லித்தர அட்டை நாணயம் வெட்டாதீர்கள், சில்லறையையே கொடுங்கள்.

செவித்திறன் பிரிவில் இருப்பவர்கள் ஆடியோகிராம் எனப்படும் கேட்புத்திறன் வரைபடத்தில் டெசிபல் எண் கூடக் கூட இழப்பு அதிகம் என்பதை ஒருமுறைக்கு இருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள். கோடு கீழே இறங்குவதைப் பார்த்துக் குழம்புகிறார்கள். அதைவிடப் பெரிய பிழை, பிள்ளையின் காது கேட்கும் கருவி வேலை செய்கிறதா என்று பாராமலே பாடம் தொடங்குவது. பேட்டரி, காது அச்சில் மெழுகு அடைப்பு, பிறகு உங்கள் வாயை மறைத்துக்கொண்டு ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் என்ற ஆறு ஒலிகளும் பிள்ளைக்குக் கேட்கின்றனவா என்று பார்ப்பது. சில நிமிட வேலை. பார்வைப் பிரிவினர் பிரெயிலைக் கண்ணால் அட்டை பார்த்துப் படிப்பதோடு நின்றுவிடுகிறார்கள். பிரெயில் ஸ்லேட்டில் வலமிருந்து இடமாகக் குத்தும்போது புள்ளிகள் இடம் மாறுவது கைக்குப் பழகவில்லை என்றால் வகுப்பில் பிள்ளை உங்களைத் திருத்தும். இன்னொன்று: 'கே' என்பதில் அச்சில் கொம்பு முன்னால் நிற்கிறது, பிரெயிலில் க முதலில், ஏ பின்னால். அச்சு வரிசையிலேயே குத்துவது தமிழில் படித்தவர்கள் செய்யும் இயல்பான பிழை.

சாதாரணப் பள்ளியில் இன்டர்ன்ஷிப் வரும்போது, பிள்ளையைப் பின்பெஞ்சுக்குக் கொண்டுபோய்த் தனிப்பாடம் நடத்துகிறார்கள். வகுப்பில் தொடக்க வகுப்புகளுக்கான 'எண்ணும் எழுத்தும்' திட்டம் ஓடிக்கொண்டிருக்கும். அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகள் பிரித்தே புத்தகம் வந்திருக்கிறது. அந்த வாரப் பாடம் என்ன என்று வகுப்பாசிரியரிடம் கேட்டு, அதே பாடத்தில் இவன் செய்யக்கூடியதை எடுத்துத் தருவதுதான் அங்கே உங்கள் வேலை. 'எங்க சப்ஜெக்ட் வேற' என்று ஒதுங்கினால் ஆசிரியரும் நிம்மதியாக ஒதுங்கிக்கொள்வார்.

சட்டம் பற்றிய கேள்விக்குப் பழைய நோட்ஸை நம்பாதீர்கள். 1995 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் ஏழு குறைபாட்டு வகைகளை இன்னும் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பதிலாக வந்த 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைகள். குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, ஆட்டிசம் இரண்டும் அதில் உண்டு. கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை. 2016 சட்டம், 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு இலவசக் கல்வியை 18 வயது வரை தருகிறது. இந்த நான்கு வருட வித்தியாசத்தைப் பெற்றோருக்கு எடுத்துச் சொல்லவே உங்களுக்குத் தேவைப்படும்.

சேரும்போதே செய்யும் தவறு ஒன்று: கல்லூரிக்கு இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது. நீங்கள் சேரும் பிரிவுக்கும் கல்வியாண்டுக்கும் இருக்கிறதா என்று பாருங்கள். படித்து முடித்துக் கழகத்தில் பதிவு செய்யாமல் இந்தத் தொழில் செய்யக்கூடாது. கழகத்தின் 1992 சட்டத்தில் அதற்குத் தண்டனையே உண்டு. பொது பி.எட்.டில் உள்ளடங்கிய கல்வி என்று ஒரு தாள் எழுதியவர் சிறப்புப் பயிற்றுநர் ஆகிவிட மாட்டார்.

ரெக்கார்டில் பிள்ளையின் முழுப்பெயர், புகைப்படம், யூ.டி.ஐ.டி. எனப்படும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எண் வேண்டாம், முதலெழுத்து போதும். ஜெராக்ஸ் கடையிலும் வாட்ஸ்அப் குழுவிலும் அது எத்தனை கை மாறும் என்று உங்களுக்கே தெரியும்.

இன்டர்ன்ஷிப்பின் கடைசி நாளில் ரெக்கார்டு கல்லூரி அலமாரிக்குப் போய்விடுகிறது. பள்ளிக்கு எதுவும் மிஞ்சுவதில்லை. ஜூனில் வரும் அடுத்த மாணவர் மறுபடி 'சட்டை போட்டுக்குவானா?' என்று அம்மாவிடம் ஆரம்பிக்கிறார். ஒரு பக்கம் எழுதி வகுப்பாசிரியரிடமும் வீட்டிலும் கொடுத்துவிட்டு வாருங்கள்: எந்தப் படி வரை வந்திருக்கிறான், எந்த உதவி போதும், எது கொடுத்தால் உற்சாகமாகிறான், எதைச் செய்தால் தாளைக் கிழிப்பான். கைப்பட எழுதினாலும் போதும். பார்டர் வேண்டாம்.