பகிரும் முன் செய்தியை விட்டு வெளியே வந்து பாருங்கள்

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பதற்றமூட்டும் செய்தி ஒன்று வந்தால், அதன்மேல் இரட்டை அம்புக்குறி இருக்கிறதா என்று முதலில் கவனியுங்கள்; அச்செய்தி குறைந்தது ஐந்து உரையாடல்களைக் கடந்து வந்திருக்கிறது என்பதற்கு அது அடையாளம். அனுப்பியவர் நம் சித்தப்பாவாகவே இருந்தாலும், அதை முதலில் எழுதியவர் யாரென்று அவருக்கே தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

2015 மார்ச் 18 அன்று, சிங்கப்பூரின் முதல் பிரதமர் லீ குவான் இயூ காலமானதாகப் பிரதமர் அலுவலக இணையத்தள அறிவிப்பைப் போலவே அமைந்த போலிப் படம் ஒன்று பரவியது. வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்கள் சிலவும் அதை நம்பிச் செய்தி வெளியிட்டன. அவர் மறைந்தது மார்ச் 23 அன்றுதான். அப்படத்தை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் பயன் இருந்திருக்காது, ஏனெனில் அசலைப் போலத் தோன்றுவதற்காகவே அது செய்யப்பட்டிருந்தது. பிரதமர் அலுவலகத் தளத்தை நேரடியாகத் திறந்திருந்தால் உடனே விடை கிடைத்திருக்கும்.

ஆகவே செய்தியை விட்டு வெளியே வந்து தேடுங்கள். படமென்றால் கூகல் லென்ஸில் இட்டு, அது முன்பே வேறெங்கேனும் வெளியாகியிருக்கிறதா என்று பாருங்கள். முதியோரிடையே அதிகம் சுற்றும் தமிழ்க் குரல்பதிவுகள்தாம் எனக்குப் பெருங்கவலை, அவற்றைப் படம்போல் தேட முடியாது. அதில் சொல்லப்படும் இடம், நாள், அமைப்பின் பெயர் ஆகியவற்றுள் ஒன்றைக் குறித்துக்கொண்டு, தமிழ் முரசு நாளிதழிலோ ‘செய்தி’ என்ற செய்தித் தளத்திலோ அது வந்துள்ளதா என்று சரிபாருங்கள். பணமோ வங்கி விவரமோ கேட்டால், 1799 என்ற சிங்கப்பூர் மோசடித் தடுப்பு உதவி எண்ணை அழையுங்கள்.

தவறென்று உறுதியானால், அனுப்பிய பெரியவரிடம் முதலில் தனியே சொல்லுங்கள். குழுவில் திருத்தத்தை அவரே பதிவிடட்டும்.