சூசோவில் சில மாத வேலை: சிங்கப்பூர்த் தமிழர்கள் செய்யும் தவறுகள்

“சீனர்களோடுதானே வளர்ந்தோம், நமக்குத் தெரியாததா?” சிங்கப்பூரிலிருந்து சீனாவின் சூசோ நகருக்கு வேலையாகப் போகும் நம்மவர்கள் பலர் இந்த நினைப்போடுதான் கிளம்புகிறார்கள். நானும் அப்படித்தான் போனேன். இரு நாடுகளும் சேர்ந்து 1994இல் தொடங்கிய தொழிற்பேட்டை அங்கே இருக்கிறது. அகலமான சாலை, வரிசையாக மரங்கள் என்று எல்லாம் பழகிய இடம் போலவே தெரியும். அந்த நம்பிக்கையில்தான் அடிப்படையான விஷயங்களைக் கேட்காமல் விட்டுவிடுகிறோம்.

முதலில் விசா. 2024 பிப்ரவரி 9 முதல் சிங்கப்பூர்க் கடவுச்சீட்டு உள்ளவர்கள் சீனாவில் 30 நாள் விசா இல்லாமல் தங்கலாம். சுற்றுலா, உறவினர் வீடு, வணிகச் சந்திப்பு போன்றவற்றுக்குத்தான் அந்தச் சலுகை. வேலை பார்ப்பதற்கு இல்லை. அனுமதியில்லாமல் வேலை செய்து பிடிபட்டால் 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம், நிலைமை மோசமானால் காவலும் உண்டு. “கொஞ்ச நாள்தானே, பார்த்துக்கலாம்” என்று மேலாளர் சொன்னாலும், எந்த விசா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சட்டப்படி மாட்டிக்கொள்வது நீங்கள்தான்.

ஹோட்டலில் தங்கினால் போலீஸ் பதிவை அவர்களே செய்துவிடுவார்கள். வாடகை வீட்டுக்கு மாறினால் 24 மணி நேரத்துக்குள் நீங்கள் பதிய வேண்டும். தவறினால் எச்சரிக்கையோடு 2,000 யுவான் வரை அபராதம் போடலாம். பதிந்ததற்குத் தரும் சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள், குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது கேட்பார்கள்.

சைவக்காரர்கள் அதிகம் கஷ்டப்படுவது சாப்பாட்டில். “பு யாவ் ரோவ்”, அதாவது இறைச்சி வேண்டாம் என்று சொன்னால் போதும் என நினைக்கிறார்கள். என்னோடு வந்த நண்பர் அப்படிச் சொல்லித்தான் நூடுல்ஸ் வாங்கினார். தெளிந்த பழுப்புநிறச் சூப், மேலே பொடியாக நறுக்கிய வெங்காயத்தாள், ஒரு துண்டு கறிகூட இல்லை. கரண்டியால் கலக்கியபோது சின்னச் சின்னக் கொழுப்பு வட்டங்கள் மேலே வந்தன. சூசோ நூடுல்ஸின் சூப்பே பன்றி எலும்பிலும் விலாங்கு எலும்பிலும் கொதிக்கவைப்பதுதான். கறித்துண்டு போடவில்லை என்பதால் கடைக்காரரைப் பொறுத்தவரை அது சரியான சாப்பாடு. அதனால் “வோ ச்சி சூ”, நான் சைவம் என்று சொல்லுங்கள். அப்புறம் சூப்பு எதில் செய்தது என்றும் கேளுங்கள். சீயுவான் கோயிலில் கிடைக்கும் சைவ நூடுல்ஸை மனம் கோணாமல் சாப்பிடலாம். ஹலால் வேண்டுபவர்கள் “ச்சிங்ஜென்” என்பதைச் சீன எழுத்தில் அடையாளம் கண்டுகொள்ளப் பழகுங்கள். லான்ஜோ நூடுல்ஸ் கடைகள் பலவற்றின் பலகையில் அது இருக்கும்.

குழாய்த் தண்ணீரை நம் வீட்டில் குடிப்பதுபோல் அப்படியே குடிக்காதீர்கள், கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும்.

குளிரைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. வடசீனாவில் குளிர்காலத்தில் அரசு ஏற்பாட்டிலேயே வீடுகளுக்கு வெப்பம் வரும். சூசோ யாங்சே ஆற்றுக்குத் தெற்கே இருப்பதால் அங்கே அந்த ஏற்பாடு கிடையாது. ஜனவரி இரவுகளில் பூஜ்ஜியத்தை ஒட்டிப் போகும். ஏர்கானை வெப்பத்துக்கு மாற்றினாலும் தரை சில்லென்றே இருக்கும். தடிமனான கோட்டு ஒன்றை மட்டும் நம்பிப் போகாதீர்கள். வீட்டுக்குள் போடக் குளிர்தாங்கும் உள்ளாடை, கம்பளிக் காலுறை, செருப்பு எல்லாம் வேண்டும்.

போனிலேயே பணம் கட்ட உதவும் அலிபே, வீசாட் செயலிகள் இரண்டிலும் உங்கள் வங்கி அட்டையைச் சிங்கப்பூரிலேயே இணைத்துவிடுங்கள். வெளிநாட்டு அட்டையில் ஒரே தடவையில் 200 யுவானுக்கு மேல் கொடுத்தால் 3 சதவீதக் கட்டணம் உண்டு. வாட்ஸ்அப் ஹோட்டல் வைஃபையில் வேலை செய்யாது. சிங்கப்பூர் சிம்மின் ரோமிங்கில் வேலை செய்யும்.

ரயில் டிக்கெட் எடுக்கும்போது நிலையத்தின் பெயரை முழுதாகப் படியுங்கள். சூசோ, சூசோ வடக்கு, சூசோ தொழிற்பேட்டை என்று தனித்தனி நிலையங்கள், ஒன்றுக்கொன்று தூரம்.

அவசரத்துக்கு நம் கை தானாக 995ஐ அழுத்தும். அங்கே ஆம்புலன்ஸ் 120, போலீஸ் 110. பேசுபவருக்கு ஆங்கிலம் தெரியாமல் போகலாம். வீட்டு முகவரியைச் சீன எழுத்தில் போனில் வைத்திருங்கள், பக்கத்து வீட்டுக்காரரிடம் காட்டினால் அவரே சொல்லிவிடுவார்.