ஸாலிப்யேவின் பூச்சுவர்களைப் பார்க்க: சிங்கப்பூரிலிருந்து ஒலெஸ்னோவுக்கு வழி

ஜூன் விடுமுறைக்குப் போலந்து போகிறோம் என்று யாராவது சொன்னால், வீட்டுச் சுவர்களில் பூ வரையும் ஸாலிப்யே கிராமத்தில் எத்தனை இரவு தங்கப்போகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். பெரும்பாலும், "கிராக்கோவிலிருந்து அரைநாள் சுற்றுலா இருக்கிறதாமே, அதில் போய் வருகிறோம்" என்பார்கள். அப்படிப் போக வேண்டாம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். சுவரெல்லாம் பூ வரைந்த அந்த வீடுகள் ஒரே தெருவில் வரிசையாக நிற்பவை அல்ல. வயலுக்கும் தோப்புக்கும் நடுவே இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கின்றன. பலவற்றில் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. ஒரு மணி நேரத்தில் அருங்காட்சியக வீடு ஒன்றைப் பார்த்துவிட்டுப் பேருந்தில் ஏறினால், படம் இருக்கும், ஊர் இருக்காது. குறைந்தது இரண்டு இரவு வேண்டும்.

நான் சிங்கப்பூரின் ஈசூனில் வீவக அடுக்குமாடி வீட்டு வாசலில் நாள்தோறும் கோலம் போடுகிறவள். பொங்கலுக்குச் சமூக மன்றத்தில் கோலப் போட்டி நடத்த உதவுவேன். வீட்டுச் சுவரையும் கிணற்றையும் நாய்க்கூண்டையும்கூட அலங்கரிக்கும் பெண்கள் எங்கே இருந்தாலும் அவர்களை நேரில் காண வேண்டும் என்ற ஆசையில்தான் என் அண்ணியுடன் அங்கே போனேன்.

முதலில் ஊரின் அமைப்பு. போலந்தின் உள்ளாட்சியில் மாநிலம், மாவட்டம், அதற்கும் கீழே 'க்மீனா' என்று மூன்று அடுக்குகள் உண்டு. 1999 முதல் இந்த அமைப்பு நடப்பில் இருக்கிறது. நாடு முழுவதும் சுமார் 2,500 க்மீனாக்கள். ஸாலிப்யே கிராமம் ஒலெஸ்னோ க்மீனாவைச் சேர்ந்தது. மாவட்டம் டொம்ப்ரோவா டார்னோவ்ஸ்கா. சிங்கப்பூரின் பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் இந்த க்மீனா. மக்கள் எண்ணிக்கை எண்ணாயிரத்துக்குள். ஒலெஸ்னோவும் ஒரு கிராமமே. ஊராட்சி அலுவலகம் அங்கே இருக்கிறது. கிராமப்புற க்மீனாவின் தலைவரை 'வுய்ட்' என்பார்கள். 2002 முதல் மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒவ்வொரு கிராமத்துக்கும் 'சோல்டிஸ்' என்ற ஊர்த்தலைவர் உண்டு. அவர் வீட்டு வேலியில் பெரும்பாலும் அந்தச் சொல்லைத் தாங்கிய சிறு பலகை இருக்கும். வழி தெரியாமல் நின்றால் அந்தப் பலகையைத் தேடுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. போலந்தில் ஒலெஸ்னோ என்ற பெயரில் இன்னோர் ஊரும் உண்டு. அது மேற்கே, ஓபோலே மாநிலத்தில், ரயில் நிலையத்தோடு கூடிய ஒரு நகரம். இணையத்தில் தேடினால் அந்த நகரமே முன்னால் வந்து நிற்கும். டிக்கெட்டும் விடுதியும் அதற்கே கிடைக்கும். நமக்கு வேண்டியது மலோபோல்ஸ்கா மாநிலத்து ஒலெஸ்னோ. அஞ்சல் குறியீட்டைப் பாருங்கள்: 33 என்று தொடங்கினால் சரியான ஊர், 46 என்றால் ஓபோலே. எங்கள் பயணத்தை ஏற்பாடு செய்த முகவர் அந்த நகரத்தில் விடுதி பார்த்து வைத்திருந்தார். அண்ணிதான் வரைபடத்தை விரித்து வைத்து, "இங்கே ரயில் தண்டவாளம் ஓடுகிறதே, நீ சொன்ன ஊரில் ரயிலே இல்லை என்றாயே?" என்று பிடித்தார். பணம் கட்டும் முன் தெரிந்ததால் தப்பித்தோம்.

எப்போது போவது என்பதே எல்லாவற்றிலும் முக்கியம். ஸாலிப்யேவில் 'வரைந்த குடில்' போட்டி 1948இல் முதன்முதலாக நடந்தது. 1965 முதல் ஆண்டுதோறும் நடக்கிறது. கிறிஸ்துவின் திருவுடல் திருநாளை அடுத்த வார இறுதிதான் அதற்குரிய நேரம். நடுவர்கள் வீடு வீடாகச் சென்று புதிதாகத் தீட்டிய சுவர்களைப் பார்வையிடுவார்கள். குளிர்காலத்தில் வெளுத்துப்போன பூக்களைப் பெண்கள் அதற்கு முந்தைய வாரங்களில்தான் புதுப்பிக்கிறார்கள். ஆகவே போட்டிக்குச் சில நாள் முன்னதாகப் போனால் வரைவதையே பார்க்கலாம். முடிந்த கையோடு போனால் நிறம் மங்காத சுவர்கள் கிடைக்கும். ஈஸ்டர் ஞாயிறிலிருந்து அறுபதாம் நாள் வரும் வியாழக்கிழமை அந்தத் திருநாள். 2026இல் ஜூன் 4; நம் பள்ளி விடுமுறைக்குள் அழகாக விழுகிறது. ஈஸ்டர் மார்ச்சில் வரும் ஆண்டுகளில் திருநாள் மே மாதத்திலேயே வந்துவிடும். பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் நாள்காட்டியைப் பார்த்துவிட்டே விமான டிக்கெட் எடுங்கள். அந்த வியாழன் போலந்தில் பொது விடுமுறை, கடைகள் அடைத்திருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளிலும் பெரும்பாலான கடைகள் திறப்பதில்லை. புதன்கிழமையே ரொட்டி, பால், பழம் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

விசா பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிங்கப்பூர்க் கடப்பிதழ் வைத்திருப்போர் ஷெங்கன் நாடுகளில் 180 நாள்களில் 90 நாள் வரை விசா இல்லாமல் தங்கலாம். இந்தியக் கடப்பிதழோடு இங்கே வேலை செய்கிறவர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் ஷெங்கன் விசா தேவை. போலந்தில்தான் அதிக நாள் என்றால் இங்குள்ள போலந்துத் தூதரகத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு முன்பே விண்ணப்பிக்கலாம். பதினைந்து நாளுக்குக் குறைவாக இருக்கும்போது முடியாது. 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்புறுதியும் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் போலந்தின் நாணயம் ஸுவோட்டிதான். யூரோ நோட்டைக் கிராமத்துக் கடையில் நீட்டினால் வாங்கமாட்டார்கள்.

சாங்கியிலிருந்து பிராங்க்பர்ட் போன்ற ஒரு நகரில் மாறி கிராக்கோவில் இறங்குவது வசதி. விமான நிலையத்திலிருந்து நகரின் முதன்மை ரயில் நிலையத்துக்கு ரயில் இருக்கிறது. அங்கிருந்து டார்னுஃபுக்கு இன்னொரு ரயில், ஏறத்தாழ ஒரு மணி நேரம். டார்னுஃபிலேயே ஒரு பொழுதைக் கழியுங்கள். அங்குள்ள மக்கள்வாழ்வியல் அருங்காட்சியகத்தில் ரோமா மக்களைப் பற்றிய நிரந்தரக் கண்காட்சி இருக்கிறது. இந்தியாவிலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் புறப்பட்டுப் போன மக்கள் அவர்கள். அவர்களுடைய வண்ணம் தீட்டிய கூண்டு வண்டிகளின் முன் அண்ணி வெகுநேரம் நின்றுவிட்டார்.

டார்னுஃபிலிருந்து ஸாலிப்யே வடக்கே சுமார் 30 கிலோமீட்டர். வழியில் டொம்ப்ரோவா டார்னோவ்ஸ்கா வரும். 19ஆம் நூற்றாண்டு யூதத் தொழுகைக்கூடம் ஒன்று அங்கே இருக்கிறது. பாழடைந்து கிடந்த அதைப் புதுப்பித்து 2012இல் திறந்தார்கள். அதற்காக ஒருமுறை இறங்கலாம். ஆனால் அதற்கப்பால் பேருந்து மிகக் குறைவு. வார இறுதியில் அதை நம்பிப் போகவே கூடாது. கார் எடுப்பதே வழி. இங்கேயே அனைத்துலக ஓட்டுநர் உரிமம் எடுத்துக்கொண்டு போங்கள். தானியங்கி கியர் வேண்டும் என்று முன்பதிவிலேயே கேளுங்கள், கேட்காவிட்டால் கையால் மாற்றும் கியர் வண்டிதான் வரும். வலப்புறம் ஓட்ட வேண்டும். பட்டப்பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டும் என்பது சட்டம். ஊருக்குள் வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். வண்டி ஓட்டாதவர்கள் டார்னுஃபிலேயே ஒரு டாக்சி ஓட்டுநரைப் பேசி வைத்துக்கொள்ளலாம்.

தங்குவதற்குப் பண்ணை வீடுகள் உண்டு. போலந்தில் 'அக்ரோடூரிஸ்டிகா' என்ற பெயரில் விவசாயக் குடும்பங்கள் அறை விடுகின்றன. போட்டி வாரத்தில் இடம் கிடைப்பது அரிது, அதனால் முன்னதாகவே எழுதிக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் டொம்ப்ரோவா டார்னோவ்ஸ்காவில் தங்கி, காலையும் மாலையும் வாருங்கள். ஜூனில் இரவு ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும். சுற்றுலாப் பேருந்துகள் போன பிறகு, சாய்வெயிலில் அந்தச் சுவர்களைப் பார்ப்பதற்கு ஈடே கிடையாது. தங்குங்கள் என்று நான் வற்புறுத்துவது இந்த மாலை நேரத்துக்காகவும்தான்.

ஸாலிப்யேவில் முதலில் போக வேண்டிய இடம் ஃபெலிட்ஸியா ட்ஸுரிவோவாவின் வீடு. 1904இல் பிறந்து 1974இல் மறைந்த அவர்தான் இந்த ஊர் ஓவியத்தை உலகறியச் செய்தவர். அவர் வீட்டை டார்னுஃப் அருங்காட்சியகம் பராமரிக்கிறது. சுவர், உத்தரம், அடுப்பு என்று பூ இல்லாத இடமே இல்லை. அடுத்து 'ஓவியப் பெண்கள் இல்லம்'. ஊர்ப் பெண்கள் கூடி வேலை செய்யும் இடம் அது. மற்ற வீடுகளுக்கான வழியையும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம். தேவாலயத்தின் உள்ளேயும் அதே பூக்கள்.

இந்த வழக்கம் பிறந்த கதையைத் தெரிந்துகொண்டு போனால் பார்வை மாறும். பழைய குடில்களில் புகைபோக்கி கிடையாது. அடுப்புப் புகை வீட்டுக்குள்ளேயே சுழன்று சுவரைக் கருக்கியது. திருநாளுக்கு முன் பெண்கள் கரியின் மேல் சுண்ணாம்பைத் திட்டுத் திட்டாகத் தெளித்து அழகுபடுத்தினார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் புகைபோக்கி வந்து சுவர் வெள்ளையாக நிற்கத் தொடங்கியபின், திட்டுகள் பூக்களாயின.

ஒரு வீட்டில் வயதான அம்மா ஒருவர் ஜன்னலோரம் வரைந்துகொண்டிருந்தார். கையில் பென்சில் இல்லை, அளவு குறிக்கவில்லை. நடுவில் ஒரு பொட்டு வைத்தார். தூரிகை நுனியை வெளிப்பக்கம் அழுத்தி, பொட்டை நோக்கி இழுத்துத் தூக்கினார். அழுத்திய இடத்தில் நிறம் தடித்து, பொட்டருகே இழையாக மெலிந்து, ஒரே இழுப்பில் ஓர் இதழ். சுற்றிலும் இதழ்கள் நிறைந்ததும் ஈரம் காயும் முன்பே வேறு நிறத்தில் விளிம்பு கட்டினார். புள்ளி வைத்து இழை இழுக்கும் நம் கோலக்கைக்கு அந்தக் கை உறவு என்று எனக்குத் தோன்றியது. என் கைபேசியில் இருந்த பொங்கல் கோலப் படங்களைக் காட்டினேன். ஒவ்வொன்றையும் விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, என்னிடம் தூரிகையை நீட்டி, பழைய பலகை ஒன்றில் வரையச் சொன்னார். அரைநாள் சுற்றுலாவில் இதற்கு நேரம் இருந்திருக்காது.

யார் வீட்டிலும் வேலிக்கு வெளியே நின்று "ஜென் டோப்ரி" என்று முகமன் சொல்லுங்கள். பெண்ணைப் 'பானி' என்றும் ஆணைப் 'பான்' என்றும் மரியாதையாக அழைப்பார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுவது அங்கே நெருக்கமானவர்களுக்கு மட்டும். படம் எடுக்கும் முன் கேமராவைக் காட்டி "சி மோஷ்னா?" என்று கேளுங்கள். கை அசைத்து உள்ளே அழைத்தால் போகலாம், அழைக்காவிட்டால் நன்றி சொல்லி நகருங்கள். "ஜென்குயே" என்றால் நன்றி. காய்ந்ததா என்று பார்க்கச் சுவரைத் தொடுவதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே தடுத்து வையுங்கள். பாதையோரப் புல்லில் உண்ணிகள் உண்டு, அவற்றால் நோய் வரும். நீளக் கால்சட்டையும் காலுறையும் அணியுங்கள். அறைக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள் எல்லாம் பாருங்கள்.

சைவம் சாப்பிடுவோருக்கு வழி இருக்கிறது, ஆனால் கேட்டு வாங்க வேண்டும். உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்த 'பியெரோகி ருஸ்கியே' எங்கும் கிடைக்கும். அதன் மேலேதான் வறுத்த பன்றிக்கொழுப்புத் துண்டுகளைத் தூவிவிடுகிறார்கள். "பெஸ் ஸ்க்வாரெக்" என்றால் அந்தத் துண்டுகள் வேண்டாம் என்று பொருள். இறைச்சியே வேண்டாம் என்றால் "பெஸ் மியென்சா". சூப்புகள் பெரும்பாலும் இறைச்சிச் சாற்றில் செய்தவை, தவிர்த்துவிடுங்கள். ரொட்டியோடு தடவ வரும் வெண்ணிறப் பசை பன்றிக்கொழுப்பாக இருக்கலாம். முஸ்லிம் நண்பர்களும் இதைக் கவனிக்க வேண்டும். அண்ணி ஊறுகாய்ப் புட்டியும் அவலும் கொண்டுவந்திருந்தார். அதை நானும் பரிந்துரைக்கிறேன். ஜூனில் சாலையோரத்தில் ஸ்ட்ராபெரி விற்பார்கள், கூடையோடு வாங்குங்கள்.

மீதி நேரத்தில் அக்கம்பக்கத்துக் கிராமங்களைச் சுற்றுங்கள். ஒலெஸ்னோ, அடாமியேஷ், ஸ்வாஷுஃப், ப்ரென். பெயர் பெற்ற காட்சிகள் எதுவும் இல்லாத ஊர்கள். எனக்கு அவை மிகவும் பிடித்தன. விஸ்துலா ஆற்றுச் சமவெளி, மேடு பள்ளம் இல்லாததால் சைக்கிளுக்கு ஏற்றது. மின்கம்பத்தின் உச்சியில் செங்கால் நாரை கூடு கட்டியிருக்கும். ஆகஸ்டு இறுதிக்குள் அவை ஆப்பிரிக்காவுக்குப் புறப்பட்டுவிடும். தன்னார்வத் தீயணைப்பு நிலையம் ஒவ்வொரு பெரிய கிராமத்திலும் உண்டு. ஊர் விழா அநேகமாக அங்கேதான். கிராமப் பெண்கள் மன்றத்தார் சமைத்து விற்கும் பண்டங்களை வாங்கிச் சாப்பிடுங்கள். பக்கத்து க்மீனாவான கிரெம்போஷுஃப், 1939இல் இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது ஜெர்மானியரை எதிர்த்து நின்ற வெஸ்டர்பிளாட்டே காவலரணுக்குத் தலைமை தாங்கிய ஹென்ரிக் சுஹார்ஸ்கி பிறந்த ஊர்.

நினைவுப்பொருளை கிராக்கோவில் வாங்காமல் ஓவியப் பெண்கள் இல்லத்தில் வாங்குங்கள். பணம் வரைந்தவர் கைக்குப் போகும். வரைந்த தட்டு, மரக்கரண்டி, முட்டை ஆகியவை கிடைக்கும். முட்டை உள்ளே காலியான ஓடு, பெட்டியில் தாங்காது, கைப்பையில் துணி சுற்றி வையுங்கள். சில்லறை ஸுவோட்டி வைத்திருங்கள். திரும்புவது ஞாயிற்றுக்கிழமை என்றால் டாக்சியை வெள்ளிக்கிழமையே சொல்லிவிட்டு, ஓட்டுநரின் எண்ணைத் தங்கும் வீட்டாரிடமும் கொடுத்து வையுங்கள். உங்களுக்குப் பதில் அவர்கள் போலிஷ் மொழியில் பேசி நேரத்தை உறுதி செய்துவிடுவார்கள்.