காடே கதியென்று வாழ்ந்தவரின் வாழ்க்கையை எழுதிவைப்பது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டமொன்றில் ரப்பர்ப் பால்மரம் வெட்டிப் பிழைத்து, ஓய்வு நாள்களையெல்லாம் ஆற்றிலும் காட்டிலும் கழித்த ஒருவர் மறைந்தால், வீட்டில் எஞ்சும் காகிதங்கள் அடையாள அட்டையும், ஊழியர் சேமநிதிக் கடிதங்களும், நாலைந்து கல்யாணப் படங்களுமாகவே இருக்கும். என் தாய்மாமாவின் வாழ்க்கையை எழுத உட்கார்ந்தபோது அவற்றிலிருந்து தொடங்கியதுதான் நான் செய்த முதல் தவறு. அப்படிப்பட்டவரின் வாழ்க்கை அவரோடு நடந்தவர்களின் வாயில் இருக்கிறது, அங்கிருந்து தொடங்குங்கள்.

பதினாறாம் நாள் காரியத்திற்கு உறவினர் கூடும் மாலை இதற்கு ஏற்றது. அழுகை ஓய்ந்து, பேச்சு தானாகவே அவரைச் சுற்றிவரும் நேரம் அது. அனுமதி கேட்டு, கைப்பேசியில் ஒலிப்பதிவை ஓடவிடுங்கள். “மாமா எப்படிப்பட்டவர்?” என்று கேட்டால், “தங்கமான மனுஷன்” என்ற ஒரே விடைதான் எல்லாரிடமிருந்தும் வரும். தூண்டிலுக்குக் கிளம்பும்போது பையில் என்னென்ன வைப்பார், மோட்டார் சைக்கிளை எந்த மேட்டில் நிறுத்துவார், அட்டை ஏறாமலிருக்கக் காலில் எதைத் தேய்ப்பார் என்று கேளுங்கள். கெலா மீன் ஆற்றில் உதிரும் பழங்களைத் தின்னும் என்பதால் மாமா செம்பனைப் பழத்தை வேகவைத்துத் தூண்டிலில் கோத்தார் என்பது அப்படிக் கேட்டதால்தான் எனக்குத் தெரியவந்தது.

அத்தையிடம் மட்டும் தனியாகப் பேசுங்கள். கணவர் விடியும்வரை திரும்பாத இரவுகளில் தாம் கதவைத் தாழிடாமல் உட்கார்ந்திருந்ததைக் கூட்டத்தில் அவர் சொல்லமாட்டார்; அடுப்படியில் சொல்வார். அதையும் எழுத வேண்டும். எழுதாவிட்டால் ஏட்டில் மீனின் நீளம் மட்டுமே மிஞ்சும், அதுவும் சொல்லச் சொல்ல வளர்ந்த நீளம்.

காட்டுத் தோழர்கள் எல்லாரும் தமிழர்களாக இருக்கமாட்டார்கள். பெலுஸ் ஆற்றின் மேற்பகுதியில் வாழும் தெமியார் பழங்குடி மக்களோடு அவர் பழகியிருந்தால், அங்கே சென்று மலாயில் கேட்டு, அவர்கள் சொன்ன சொற்களிலேயே பதிந்து, பிறகு தமிழாக்குங்கள். செடி, மீன், ஓடை ஆகியவற்றின் பெயர்களை மட்டும் மாற்றவே வேண்டாம்.

ஆண்டுகளைக் கணக்கிடுவதுதான் கடினம், ஏனென்றால் பெரியவர்கள் தேதி சொல்வதில்லை, நிகழ்ச்சியைச் சொல்வார்கள். இவ்வட்டாரத் தோட்டங்களில் 1948 ஜூன் 16 அன்று மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியாளர்களால் சுட்டுக்கொல்லப்பட்டதையொட்டி அவசரகாலம் அறிவிக்கப்பட்டு, 1960 ஜூலை 31 வரை நீடித்தது. ஆகவே “கம்யூனிஸ்டு காலம் முடிந்த பிறகுதான் காட்டுக்குப் போனார்” என்று பாட்டி சொன்னால், 1960-க்குப் பின் என்று குறித்துக்கொள்ளலாம். ரப்பரை அழித்துச் செம்பனை நட்டது, தோட்டத் தொழிலாளர் லயத்தை விட்டு டவுனுக்குக் குடிபெயர்ந்தது போன்றவற்றையும் இவ்வாறே முளைக்குச்சிகளாக நட்டு, மற்ற கதைகளை அவற்றின் இடையே வைத்துப் பாருங்கள்.

பிறகு, நடக்கத் தெம்புள்ள தோழர் ஒருவரோடு அவருடைய தடத்தில் ஒரு முறையாவது போய்வாருங்கள். தீம்பார் (ரப்பர் மரப் பகுதி) எண்களும், ‘பழைய பாலம்’, ‘ஆலமரத்து வளைவு’ போன்ற பெயர்களும் பொது வரைபடங்களில் கிடைப்பதில்லை. அவற்றைச் சொல்லக்கூடியவர்களும் குறைந்து வருகிறார்கள். ஒவ்வோர் இடத்திலும் நின்று படமெடுத்து, கைப்பேசி காட்டும் இடக்குறியீட்டை அதன்கீழ் எழுதிவையுங்கள். மழைக்காலத்தில் இந்த வேலை வேண்டாம்.

பாராங் கத்தி, தலைவிளக்கு, தூண்டில் முதலியவற்றைக் கழுவித் துடைத்துப் பளபளப்பாக்காமல், கைப்பிடியில் சுற்றிய பழைய ரப்பர்த் துண்டோடு அப்படியே படமெடுங்கள். அவரிடம் உரிமம் பெற்ற வேட்டைத் துப்பாக்கி இருந்தால், அதைப் படமெடுக்கும்வரை கூட வீட்டில் வைத்திருக்காதீர்கள். உரிமம் அவர் ஒருவருக்கே உரியது என்பதால், உடனே காவல் நிலையத்தில் தெரிவித்து ஒப்படைத்துவிட வேண்டும்.

எழுதியதை முதல் திதிக்குள் தட்டச்சு செய்து, படையல் முடிந்தபின் ஒரு பகுதியை உரக்கப் படியுங்கள். “அது கெலா இல்லை, தெங்காஸ்” என்று யாராவது குறுக்கிடுவார்கள். அதற்காகவே ஓரத்தில் அகலமாக இடம் விட்டு அச்சிட்டு, ஒரு படியை அத்தைக்கும், ஒன்றை உங்களோடு தடத்தில் நடந்த காட்டுத் தோழர் வீட்டிற்கும் கொடுத்துவிடுங்கள்.