செஸ் ரெக்கார்ட்ஸ் பாடல்களைக் கேட்கத் தொடங்குவது எப்படி?

சிகாகோவின் இசைத்தட்டு நிறுவனமான செஸ் ரெக்கார்ட்ஸ் வெளியிட்ட ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை) பாடல்கள் இன்று எளிதாகக் கிடைக்கின்றன. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் ஒரு பெரிய தொகுப்பைப் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கிறார்கள். பத்தாவது பாட்டுக்குள் எல்லாமே ஒரே மாதிரி கேட்கும். அப்படிச் செய்யாதீர்கள். ஆறே ஆறு பாட்டு, ஒரு மாலை நேரம் போதும். ஹெட்ஃபோன் மட்டும் அவசியம். போன் ஸ்பீக்கரில் பேஸ் என்னும் கீழ்ச்சுருதி ஒலி கேட்கவே கேட்காது.

முதலில் கொஞ்சம் முன்கதை. லியோனார்ட் செஸ், ஃபில் செஸ் இருவரும் போலந்திலிருந்து குடியேறிய யூதச் சகோதரர்கள். சிகாகோவின் தெற்குப் பகுதியில் இரவு விடுதி நடத்தியவர்கள். அரிஸ்டோகிராட் என்ற சிறு இசைத்தட்டு நிறுவனத்துக்குள் லியோனார்ட் 1947-ல் நுழைந்தார். 1950-ல் அதுவே செஸ் ஆனது. அவர்களுடைய ப்ளூஸ் பாடகர்கள் பலர், பிழைப்பு தேடித் தெற்கு மாநிலங்களிலிருந்து சிகாகோ வந்த கறுப்பின மக்கள்.

படி 1: குரலும் கிட்டாரும்

மடி வாட்டர்ஸின் 'ரோலின் ஸ்டோன்' (1950). ஒரு குரல், ஒரு மின்சாரக் கிட்டார், அவ்வளவுதான். மொத்தமே மூன்று நிமிடம். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அந்தக் கால 10 அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் அதற்கு மேல் பிடிக்காது. அவர் பாடாமலும் வாசிக்காமலும் விடும் இடங்களைக் கவனியுங்கள்.

படி 2: மௌத் ஆர்கன்

லிட்டில் வால்டரின் 'ஜூக்' (1952). தட்டில் 'செக்கர்' என்று இருந்தால் குழம்ப வேண்டாம், அது செஸ்ஸின் துணை நிறுவனம். வால்டர் மௌத் ஆர்கனையும் மைக்கையும் சேர்த்துக் கைக்குள் பொத்தி, ஆம்ப்ளிஃபயர் வழியாக வாசித்தார். அதனால்தான் ஒலி சாக்ஸஃபோன் போலத் தடிமனாக வருகிறது. பில்போர்ட் பத்திரிகையின் ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் எட்டு வாரம் முதலிடத்தில் இருந்தது இந்தப் பாடலற்ற இசை.

படி 3: மூன்று பாட்டு, ஒரே நிறுத்தம்

இதற்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். வில்லி டிக்சன் எழுதி மடி வாட்டர்ஸ் பாடிய 'ஹூச்சி கூச்சி மேன்' (1954). வாத்தியங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு சின்ன அடி அடித்துவிட்டுச் சட்டென்று நிற்கும். அந்த அமைதிக்குள் குரல் நுழையும். மூன்று தடவை போடுங்கள். முதல் தடவை டிரம்ஸ், அடுத்தது ஓட்டிஸ் ஸ்பானின் பியானோ, அப்புறம் டிக்சனின் பேஸ். ஒவ்வொரு முறையும் வேறு பாட்டாகத் தெரியும்.

உடனே போ டிட்லியின் 'ஐ அம் எ மேன்' (1955) போடுங்கள். அதே நிறுத்தம்தான். ஆனால் முந்தைய பாட்டில் அந்த அடி இடையிடையே மாறி வேறு பக்கம் நகரும். போ டிட்லி அதை நகரவே விடாமல் கடைசிவரை திரும்பத் திரும்ப அடிக்கிறார். அதே ஆண்டில் மடி வாட்டர்ஸ் 'மேனிஷ் பாய்' பாடினார். நம் ஊர் எசப்பாட்டு மாதிரியான பதில் அது. மூன்றையும் இந்த வரிசையில் கேட்டால்தான் இந்தச் சீண்டல் புரியும்.

படி 4: தட்டில் உள்ள பெயர்களைப் படியுங்கள்

சக் பெரியின் 'மேபலீன்' (1955). 'ஐடா ரெட்' என்ற பழைய நாட்டுப்புற மெட்டிலிருந்து பிறந்த பாட்டு. பேஸ் வாசிப்பவர் அதே வில்லி டிக்சன். இந்நேரம் உங்கள் காதுக்கே அவரைத் தெரிந்திருக்கும். எழுதியவர் சக் பெரி ஒருவரே. ஆனால் லேபிளில் வானொலி அறிவிப்பாளர் ஆலன் ஃப்ரீட், ரஸ் ஃப்ராட்டோ என்ற இரண்டு பெயர்கள் சேர்க்கப்பட்டிருந்தன. வானொலியில் பாட்டு ஓட வேண்டுமென்றால் உழைக்காதவருக்கும் பங்கு கொடுக்க வேண்டியிருந்த காலம். முழு உரிமை பெரிக்குத் திரும்பியது 1986-ல்தான். முப்பது வருடம்! எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆறு பாட்டும் முடிந்ததா? சரி, இனி பாடகர் பெயரை விட்டுவிட்டு, பின்னால் வாசித்த ஒருவரைப் பிடித்துக்கொண்டு போங்கள். என் தேர்வு டிக்சன். ஹவ்லின் உல்ஃப் 1960-ல் பாடிய 'ஸ்பூன்ஃபுல்' அவர் எழுதியதுதான். அதைப் போடும்போது மட்டும் ஒலியைக் கொஞ்சம் குறைத்துத் தொடங்குங்கள். உல்ஃபின் குரல் அப்படி.