இரவில் பின்கண்ணாடி வழியே கண் கூசுகிறதா? ஃபிலிம் ஒட்டும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரியில் அரியாங்குப்பம் தாண்டி கடலூர் நோக்கி இரவில் ஓட்டுபவர்களுக்கு இது பழகிய தொல்லை. பின்னால் ஒட்டிக்கொண்டே வரும் பஸ்ஸோ டெம்போவோ டிம் அடிப்பதில்லை. புதிதாக வரும் எல்.இ.டி. ஹெட்லைட்டுகள் டிம்மில் இருந்தாலே கண்ணைப் பறிக்கின்றன. மறுநாள் நேராக ஆக்சஸரீஸ் கடைக்குப் போய், "பின்னாடி மட்டும் கொஞ்சம் டார்க்கா ஃபிலிம் போட்டுடுங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். கூச்சம் குறைகிறதோ இல்லையோ, பின்னால் லைட் இல்லாமல் வரும் சைக்கிள் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

பின்னால் வரும் வெளிச்சம் ஓட்டுநரின் கண்ணை அடைய மூன்று வழிகள் இருக்கின்றன. பின்கண்ணாடி வழியே வந்து உள் மிரரில் பட்டுத் திரும்புவது ஒன்று. வலது, இடது பக்க மிரர்களில் பட்டு முன் ஜன்னல் கண்ணாடிகள் வழியே வருவது மற்ற இரண்டு. பின்கண்ணாடியில் என்ன ஒட்டினாலும் முதல் வழியைத்தான் தொடுகிறது. அந்த வழிக்கு, பெரும்பாலான கார்களில் காசு செலவில்லாமல் ஏற்கெனவே ஒரு மருந்து இருக்கிறது.

மிரரின் அடியில் இருக்கும் நாக்கைத் தொடாமலே இருப்பது

உள் மிரரின் கீழ் விளிம்பில் சின்ன நாக்கு போல ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அந்த மிரரின் கண்ணாடி மேலிருந்து கீழாக ஒரே தடிமன் கொண்டதல்ல, ஆப்பு வடிவில் இருப்பது. பகல் நிலையில் பின்புறப் பூச்சு, விழும் வெளிச்சத்தில் 80 சதவீதத்தை ஒட்டித் திருப்பி அனுப்புகிறது. நாக்கைத் தட்டினால் அந்தப் பிம்பம் காரின் கூரைப் பக்கம் போய்விடும். கண்ணாடியின் முன்பரப்பு திருப்பும் சுமார் 4 சதவீதம் மட்டுமே கண்ணுக்கு வரும். கூச்சம் இருபது மடங்கு வரை குறைகிறது. வழக்கமாக ஒட்டும் ஃபிலிம் இவ்வளவு குறைக்காது. அப்படிக் குறைக்குமளவு கருப்பாக ஒட்டினால் பின்னால் எதுவுமே தெரியாது.

இதிலும் பலர் ஒரு இடத்தில் தவறுகிறார்கள். நாக்கு இரவு நிலையில் இருக்கும்போதே மிரரைக் கையால் பிடித்து, பின்கண்ணாடி முழுதும் தெரியும்படி திருப்பிவிடுகிறார்கள். அப்புறம் இரவில் தட்டினால் அது பகல் நிலைக்குப் போகும், கூச்சம் கூடும். "இது வேலை செய்யலை" என்று முடிவு கட்டிவிடுவார்கள். முதலில் பகல் நிலையில் வைத்து மிரரைச் சரிசெய்யுங்கள். இருட்டியபின் மிரரைப் பிடிக்காமல் நாக்கை மட்டும் தட்டுங்கள். இரவு நிலையில் பின்னால் வரும் வண்டியின் தூரத்தைக் கணிப்பது கொஞ்சம் கடினம் என்பதால், ரிவர்ஸ் எடுக்கும்போதும் லேன் மாறும்போதும் மறுபடி பகல் நிலைக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

தானாக மங்கும் மிரர் உள்ள கார்களில் கதை வேறு. அதில் ஒரு சென்சார் முன்பக்கம் பார்த்துச் சுற்றியுள்ள இருட்டை அளக்கும், இன்னொன்று பின்னால் வரும் வெளிச்சத்தை அளக்கும். பின்கண்ணாடியைக் கருப்பாக்கினால் இரண்டாவது சென்சாருக்கு வெளிச்சம் குறைவாகத்தான் போகும். மிரரும் குறைவாகத்தான் மங்கும். காசு கொடுத்து வாங்கிய வசதியைக் காசு கொடுத்தே கெடுத்துக்கொள்வது இது.

ஃபிலிமின் சதவீதத்தைக் கண்ணாடியின் சதவீதமாக நினைப்பது

கடையில் "50 சதவீதம்" என்று காட்டுவது அந்த ஃபிலிம் மட்டும் விடும் வெளிச்சம். கம்பெனியிலிருந்து வரும் பச்சை சாயல் கண்ணாடியே வெளிச்சத்தில் ஒரு பங்கைத் தடுக்கிறது. இரண்டையும் பெருக்க வேண்டும். கண்ணாடி 78 சதவீதம் விடுகிறது என்று வைத்துக்கொண்டால், 50 சதவீத ஃபிலிம் ஒட்டியபின் மிஞ்சுவது 39. 35 சதவீத ஃபிலிம் என்றால் 27. "லைட்டா" என்று கொடுக்கும் 70 சதவீத ஃபிலிமே 55-க்கு இறக்கிவிடும்.

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 100-வது விதி முன், பின் கண்ணாடிகளுக்குக் குறைந்தது 70 சதவீதமும், பக்கக் கண்ணாடிகளுக்கு 50 சதவீதமும் வெளிச்சம் ஊடுருவ வேண்டும் என்கிறது. பக்கக் கண்ணாடிக்கான 50-ஐப் பின்கண்ணாடிக்கும் பொருத்திப் பேசும் கடைக்காரர்கள் உண்டு, நம்பாதீர்கள். மேலே சொன்ன கணக்கில் பின்கண்ணாடி 70-க்குக் கீழே போகாமல் இருக்க ஃபிலிம் 90 சதவீதம் விட வேண்டும். அது ஏறக்குறைய நிறமே இல்லாத ஃபிலிம். வெப்பத்தைக் குறைக்கலாம், ஹெட்லைட் கூச்சத்துக்குப் பிரயோஜனமில்லை.

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. 2012 ஏப்ரல் 27-ல் உச்ச நீதிமன்றம், எத்தனை சதவீதமானாலும் கண்ணாடியில் கருப்பு ஃபிலிம் ஒட்டக்கூடாது என்றது. பிறகு 100-வது விதி திருத்தப்பட்டு, 2021 ஏப்ரல் 1 முதல் தரக்குறியீட்டுக்கு உட்பட்ட ஃபிலிம் சேர்ந்த பாதுகாப்புக் கண்ணாடிக்கும் இடம் வந்தது. இந்தத் திருத்தத்தை வைத்து 2024-ல் கேரள உயர் நீதிமன்றம் 70/50 அளவுக்குள் ஃபிலிம் இருக்கலாம் என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பின் ஜெராக்ஸை டேஷ்போர்டில் வைத்துக்கொண்டு இங்கே சோதனைச் சாவடியில் வாதாடலாம் என்று நினைப்பது வீண். கேரளத் தீர்ப்பே கூட 39-க்கும் 27-க்கும் துணை வராது.

கண்ணாடியின் அழுக்கை ஹெட்லைட்டின் குற்றமாக நினைப்பது

இந்தக் கரையோரத்தில் கூச்சத்துக்குப் பாதிக் காரணம் இதுவாகத்தான் இருக்கும். சுத்தமான கண்ணாடியில் ஹெட்லைட் ஒரு புள்ளி. உப்பும் தூசும் படிந்த கண்ணாடியில் அதே விளக்கு சூரியகாந்திபோல விரிந்து கண்ணாடி முழுதும் பரவும். ஃபிலிம் அந்தப் பூவின் பிரகாசத்தைத்தான் குறைக்கும், விரிவதைத் தடுக்காது.

வெளிப்புறம் கடல் காற்றின் உப்பு என்றால், உட்புறம் வேறு ரகம். வெயிலில் நின்ற காரில் டேஷ்போர்டு, சீட் பிளாஸ்டிக்கிலிருந்து கிளம்பும் ஆவி கண்ணாடியில் எண்ணெய்ப் படலமாகப் படிகிறது. வெள்ளைத் துணியை விரலில் சுற்றிப் பின்கண்ணாடியின் உள்பக்கம் ஒரே ஒரு கோடு இழுத்துப் பாருங்கள்: துணி சாம்பல் நிறமாகும், கண்ணாடியில் அந்தக் கோடு மட்டும் பளிச்சென்று நிற்கும்.

துடைக்க இரண்டு மைக்ரோஃபைபர் துணிகள் வேண்டும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து துணியில் தெளித்து (கண்ணாடியில் நேராக அடித்தால் ஸ்பீக்கர் தட்டில் வழியும்) ஒன்றால் துடைத்து, காயும் முன் மற்றதால் உலர்த்துங்கள். பின்கண்ணாடியைச் சூடாக்கிப் பனியைப் போக்கும் டீஃபாகர் கம்பிகள் இருந்தால் அவை ஓடும் திசையில், பக்கவாட்டில் மட்டும் துடையுங்கள். ஃபிலிம் ஏற்கெனவே ஒட்டியிருந்தால் அமோனியா கலந்த கிளீனரைக் கிட்டே கொண்டுபோக வேண்டாம்.

வெளிப்புறத்தைப் போர் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிடுவது அடுத்த தவறு. கடலோரத்தில் பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பு. காய்ந்ததும் வெள்ளை வட்டங்கள் நிற்கும். வெள்ளை வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து நனைத்த துணியைச் சில நிமிடம் போட்டுவைத்தால் புதிய கறை இளகும். நாள்பட்டதற்குக் கண்ணாடி பாலிஷ்தான் வழி. ஸ்டீல் நார் கூடவே கூடாது.

இன்னொன்று, வெளியூர்க்காரர்கள் கவனிக்காதது. இங்கே இரவுக் காற்றில் ஈரம் அதிகம். ஏசியை 18-ல் வைத்து ஓட்டினால் கண்ணாடி குளிர்ந்து *வெளிப்பக்கம்* பனி படியும். உள்ளே எவ்வளவு துடைத்தாலும் போகாது. ஏசியை 25, 26-க்கு ஏற்றிப் பின் டீஃபாகரை அழுத்துங்கள். அது கண்ணாடியைச் சூடாக்குவதால் இரு பக்கப் பனியும் போகும்.

ஒட்டும்போதும் உரிக்கும்போதும்

வெப்பத்துக்காக விதிக்குட்பட்ட ஃபிலிம் ஒட்டுவதென்று முடிவு செய்தால் சிலவற்றைக் கடையிலேயே பேசிவிடுங்கள். கண்ணாடிக்குள் இருக்கும் மூன்றாவது பிரேக் லைட்டின் மேல் ஃபிலிம் வரக்கூடாது. அந்த அளவுக்கு வெட்டி விடச் சொல்லுங்கள். டீஃபாகர் கம்பியோடு ரேடியோ ஆன்டெனாவும் பின்கண்ணாடியில் இருக்கும் கார்களில் உலோகம் கலந்த ஃபிலிம் ஒலிபரப்பை வலுவிழக்கச் செய்யும். ஒட்டிய பின் மீட்டர் வைத்துக் கண்ணாடியோடு சேர்த்து அளந்து காட்டச் சொல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒட்டாமல் இருப்பது நல்லது. ஈரம் வெளியேற வாரங்கள் ஆகும். அதுவரை பால்போல் மங்கலாக இருக்கும், இரவில் அதுவே கூச்சத்தைக் கூட்டும்.

பழைய ஃபிலிம் ஊதா நிறமாகிவிட்டால் சாயம் வெயிலில் போய்விட்டது என்று அர்த்தம். வெப்பத்தையும் தடுக்காது, காட்சியையும் கெடுக்கும். அவசரத்தில் பிளேடால் சுரண்டுகிறார்கள். ஒரு கீறலில் டீஃபாகர் கம்பி அறுந்துவிடும். வெளிப்பக்கம் கண்ணாடி மேல் கருப்பு பாலித்தீன் ஷீட் விரித்து, உள்ளே சோப்புத் தண்ணீர் தெளித்து, நல்ல வெயிலில் ஒரு மணி நேரம் விட்டால் பசை இளகும். ஓரத்தில் நகத்தால் கிளப்பி, கம்பி ஓடும் திசையிலேயே மெதுவாக இழுக்க வேண்டும். அறுந்த கம்பியை வெள்ளிப் பெயின்ட் கொண்டு ஒட்டவைக்கலாம், ஆனால் ஒன்றிரண்டு இடங்களுக்குத்தான் அது சரிவரும்.

பக்க மிரர்களும் கண்ணும்

பக்க மிரரில் சொந்தக் காரின் உடலே பாதி தெரியும்படி வைத்திருப்பவர்களுக்குப் பின்வண்டியின் விளக்கு நேராகக் கண்ணில் விழும். தலையை வலது ஜன்னலுக்கு அருகே சாய்த்து, காரின் பின்பகுதி விளிம்பில் லேசாகத் தெரியும்வரை வலது மிரரை வெளியே தள்ளுங்கள். பிறகு நடுப்பக்கம் சாய்ந்து இடதையும் அப்படியே. நிமிர்ந்து உட்கார்ந்தால் சொந்தக் கார் தெரியாது, கூச்சமும் குறையும், மறைவுப் பகுதியும் சுருங்கும்.

மஞ்சள் "நைட் டிரைவிங்" மூக்குக்கண்ணாடி வாங்க வேண்டாம். 2019-ல் ஜாமா ஆப்தல்மாலஜி என்ற கண் மருத்துவ இதழில் வந்த ஆய்வில், எதிர் வெளிச்சம் இருக்கும்போது பாதசாரியைக் கண்டுபிடிக்க அது உதவவில்லை. எல்லாம் சரியாக இருந்தும், போன வருடம் இல்லாத கூச்சம் இந்த வருடம் இருந்தால், விளக்கைச் சுற்றி வட்டம் தெரிந்தால், அது கண்புரையின் ஆரம்பமாக இருக்கலாம். இதே சாலையில் தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. ஃபிலிம் கடைக்குப் போகும் முன் அங்கே இறங்கிப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.